‘கர்நாடகம்’ எழுதிய சரித்திர நாவல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமரர் கல்கியைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். அவருடைய சரித்திர நாவல்களை இன்றைய இளைஞர்கள் திரைப்படத்தின் வழியாகத் தேடிவந்து படிப்பதைக் கட்டுரையாளர் மனநிறைவோடு எழுதியிருந்தார். அந்த மனநிறைவு எனக்கும் உண்டு. ஆயினும் கட்டுரையின் கடைசிப் பகுதியில், கல்கி ‘இசை, நாடக விமர்சகராகவும் இருந்தார்’ என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் தமிழ் இலக்கணம் நடத்தியவன் என்பதாலோ என்னவோ, அந்த ‘உம்’மைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. அது எச்ச உம்மை. முதன்மையான ஒன்றைச் சொல்லி முடித்தபின், மிச்சமிருப்பதையும் சேர்த்துக்கொள்ள வருவது. கல்கியின் விமர்சனம் அப்படி மிச்சமிருந்த ஒன்றன்று. அவருடைய நாவல்கள் அதிலிருந்துதான் எழுந்தன என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்கவே இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாக எழுத நேர்ந்திருக்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899-ஆம் ஆண்டு பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கி, 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பை விட்டார், சிறை சென்றார், 1923-இல் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் துணையாசிரியரானார், பின்னர் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்கான ‘விமோசனம்’ இதழை நடத்தினார். 1931-இல் எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியப் பொறுப்புக்கு வந்தார். அதிலிருந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், கதைகளோடு கூட, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் கச்சேரிகளையும் நாட்டியத்தையும் நாடகங்களையும் பேசும்படங்களையும் பற்றி எழுதினார். அவருடைய முதல் சரித்திர நாவலான ‘பார்த்திபன் கனவு’ தொடங்கியது 1941-இல்தான். அப்போது அவருக்கு வயது 42. ஆகவே காஞ்சிபுரத்துக் கலைமண்டபத்தையும் தஞ்சை அரண்மனையையும் அவர் கதையில் கட்டுவதற்கு முன்பே, பத்து ஆண்டுகள் சென்னைச் சபாக்களின் நாற்காலிகளில் உட்கார்ந்து, மேடையில் நிகழ்வதைக் கூர்ந்து பார்த்து, பார்த்ததை ஆயிரக்கணக்கான வாசகர்களுக்குப் புரியும்படி எழுதிப் பழகிவிட்டார்.

அந்தப் புனைபெயரையே சற்று யோசித்துப் பாருங்கள். கர்நாடகம் என்றால் சங்கீதம் மட்டுமன்று. அக்காலப் பேச்சில் ‘சுத்தக் கர்நாடகம்’ என்றால் பழைய காலத்து மனிதர், நாகரிகம் தெரியாதவர் என்றும் பொருள். சாஸ்திரம் கற்ற பண்டிதராக அல்லாமல், முன்வரிசைக்குப் பின்னால் அமர்ந்து கேட்கும் சாதாரண மனிதனாகத் தம்மை நிறுத்திக்கொண்டுதான் அவர் எழுதினார். பாட்டின் சொல் காதில் விழுகிறதா, விழுந்த சொல் விளங்குகிறதா, பாடுகிறவருக்கே அது விளங்கியிருக்கிறதா, ஆடுகிறவரின் முகத்தில் பாட்டின் பொருள் தெரிகிறதா என்பவையே அவருடைய கேள்விகள். பெரிய பெயர்களுக்கு அவர் அஞ்சியதில்லை. 1935-இல் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கொடுத்து எடுத்ததாக நாடெங்கும் பேசப்பட்ட ‘பக்த நந்தனார்’ படம் வந்தபோது, அதன் பெருமையில் மயங்காமல் அவர் எழுதிய கடுமையான விமர்சனம் அந்நாளில் பெரிய விவாதமாயிற்று. சொல்லின் மதிப்பு ஊதியத்தில் இல்லை, வெளிப்பாட்டில் இருக்கிறது என்பதை அவர் தம் வாசகர்களுக்குப் பழக்கிக் கொடுத்தார்.

இந்தக் கேள்விகளின் தொடர்ச்சிதான் தமிழிசை இயக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட நிலை. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அண்ணாமலை அரசரின் முயற்சியால் நடந்த மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டுமென்று தீர்மானித்தது. சென்னையின் சங்கீத வட்டாரத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. தியாகையர் கீர்த்தனைகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கையன்று. கேட்பவருக்குப் புரிகிற மொழியில், பாடுபவர் உணர்ந்து பாடுகிற பாட்டும் மேடையின் நடுவே வரவேண்டும், கடைசியில் துக்கடாவாக ஒதுங்கக் கூடாது என்பதே வேண்டுகோள். கல்கி அந்த வழக்கைத் தம் பேனாவால் வாதாடினார். அதே 1941-இல்தான் அவர் விகடனைவிட்டு வெளியேறி, தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்று திரும்பி, டி. சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் ‘பார்த்திபன் கனவு’ம் தொடங்குகிறது. தமிழிசைக்காக வாதாடிய பேனாவும் பல்லவர் காலத்துக்குப் போன பேனாவும் ஒரே மேசையில், ஒரே மாதங்களில் இருந்தன. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

இனி, நான் சொல்வது வெறும் ஊகமன்று என்பதற்கு ‘சிவகாமியின் சபத’த்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1944 தொடங்கி 1946 வரை வெளிவந்த தொடர் அது. ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரம் சென்றிருந்தபோது மனத்தில் எழுந்த காட்சிகளே அதற்கு வித்து என்று கல்கியே முன்னுரையில் நன்றியோடு எழுதியிருக்கிறார். டி.கே.சி. யார்? ஒரு பாட்டை எடுத்து, அதன் சொல்லைச் சொல்லாக, தாளத்தைத் தாளமாக அனுபவித்துக் காட்டுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். சரித்திர நாவலின் வித்து ஒரு விமர்சகரின் அருகில் விழுந்தது என்பதே பொருள் பொதிந்த செய்தி.

நாவலின் நாயகி அரசகுமாரி அல்லள், நாட்டியப் பெண். அவளுடைய தந்தை ஆயனர் சிற்பி. பேரரசன் மகேந்திரவர்மனோ, ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற அங்கத நாடகம் எழுதியவன். சித்திரகாரப்புலி, விசித்திரசித்தன் என்று பட்டப்பெயர்கள் சூடியவன். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்துக்கொண்டவன். சரித்திரம் தந்த இந்தக் கலைஞன் அரசனைக் கல்கி எடுத்துக்கொண்டு, அவன் வாயில் கலையைப் பற்றிய பேச்சுகளை வைக்கிறார். அந்தப் பேச்சுகளை ‘ஆடல் பாடல்’ பகுதியைப் படித்த காதோடு கேட்டுப் பாருங்கள்; பல்லவ சக்கரவர்த்தியின் குரலுக்குள் ‘கர்நாடக’த்தின் குரல் ஒலிப்பதை உணரலாம். சிவகாமியின் அரங்கேற்றம் போர்ச் செய்தியால் பாதியில் நின்றுபோகும் காட்சியில், படையெடுப்பின் அதிர்ச்சியைவிட, ஆட்டம் அறுந்துபோனதன் வேதனை நம்மைத் தைக்கிறதென்றால், எத்தனையோ அரங்குகளில் பாதியில் கலைந்த ரசத்தைக் கண்டு வருந்திய ஒருவர் எழுதியதால்தான் அது அவ்வாறு தைக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்க ஒரே ஒரு பாட்டு போதும். அப்பர் பெருமானின் ஆரூர்த் திருத்தாண்டகம்: ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’ என்று தொடங்குவது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் வினைமுற்றுகளை மட்டும் தனியே எடுத்துக் கரும்பலகையில் வரிசையாக எழுதுவேன். கேட்டாள், கேட்டாள், கேட்டாள், பிச்சி ஆனாள், நீத்தாள், அகன்றாள், மறந்தாள், கெட்டாள், தலைப்பட்டாள். பெயரைக் கேட்பதில் தொடங்கி, வண்ணத்தைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பித்தாகி, அன்னையையும் அத்தனையும் (தந்தையையும்) நீத்து, உலகத்தார் ஆசாரத்தைவிட்டு அகன்று, தன்னை மறந்து, தன் பெயரும் கெட்டு, முடிவில் ‘தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே’ என்று போய்ச் சேர்கிற பாட்டு. முதற் பாகத்தில் நாவுக்கரசரின் முன்னிலையில் சிவகாமி இந்தப் பாட்டுக்கு அபிநயம் பிடித்து, உணர்ச்சி மேலிட்டு மயங்கி விழுகிறாள். நான்கு பாகங்கள் கடந்து, சாளுக்கியர் தலைநகரான வாதாபியின் தெருச்சந்தியில் சிறைப்பட்ட தமிழர்கள் சாட்டையடிபடாமல் இருக்க ஆடி, சபதம் செய்து, காத்திருந்து, சபதம் நிறைவேறியபின் தான் காதலித்த மாமல்லன் (மகேந்திரவர்மனின் மகன்) தனக்கு இல்லை என்று அறிந்து, கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் அதே பாட்டுக்கு ஆடுகிறாள். இறுதி அத்தியாயத்தின் பெயரே ‘தலைவன் தாள்’.

இப்போது அந்த வினைமுற்றுகளின் வரிசையை நாவலின் மேல் வைத்துப் பாருங்கள். தந்தையை நீத்தது, ஆசாரத்தை அகன்றது, தன்னை மறந்தது என்று கதையின் நடை அந்தத் தாண்டகத்தின் நடையாகவே இருக்கிறது. எட்டு வரிப் பாட்டை ஒரு பெண்ணின் வாழ்க்கையாக விரித்திருக்கிறார் ஆசிரியர். தமிழ்ப் பாட்டை அதன் சொற்பொருளோடு ஆட வேண்டும், பாட வேண்டும் என்று பத்திரிகையில் வாதாடியவர், அவ்வாறு ஆடினால் என்ன நிகழும் என்பதைக் கதையில் செய்து காட்டிவிட்டார். தமிழிசைக்காக அன்றைக்கு எழுதப்பட்ட கட்டுரைகள் அத்தனையிலும் வலிமையானது இந்த நாவல்தான் என்பேன்.

‘பொன்னியின் செல்வ’னில் விமர்சகரின் கண் வேறு திசையில் வேலை செய்கிறது. அங்கே அவர் மேடையைப் பார்க்கவில்லை, சான்றுகளைப் பார்க்கிறார். 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்த அத்தொடர், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் (இன்றைய வீராணம்) வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு ஆரம்பமாகிறது. எங்கள் பக்கத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த ஏரியைப் பார்க்காமல் போக முடியாது. ஏரிக்கு அருகிலேயே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயர் பொறித்த கல்வெட்டு அங்கேதான் உள்ளது. அவர்களையும் அவர்களுடைய உறவினரையும் சார்ந்த உடைமைகளைப் பற்றி ராஜராஜன் தன் இரண்டாம் ஆட்சியாண்டில் அனுப்பிய ஓலையின் செய்தி அது. ராஜராஜனின் தமையனான ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்குக் கிடைத்துள்ள தலையாய கல்வெட்டுச் சான்றும், கதையின் முதல் காட்சியும் அண்டை அயலில் இருக்கின்றன. ஏரிக்கரையிலிருந்து கதையைத் தொடங்கியவர் இதை அறியாமல் தொடங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அந்தக் கல்வெட்டு ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. கரிகாலனுக்குப் பின் அரியணை ஏறியவர் உத்தம சோழர். அவர் ஆண்ட காலம் முழுவதும் போய், ராஜராஜன் பட்டத்துக்கு வந்தபின் அல்லவா கொலைகாரர்களின் உடைமை பற்றிய ஆணை வருகிறது? ஆகவே கொலையில் உத்தம சோழருக்கே பங்கிருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். மற்றொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தம சோழரோ செம்பியன் மாதேவியாரின் திருமகன். அந்த அம்மையார் கற்றளியாக (கற்கோயிலாக) மாற்றிய கோயில்கள் காவிரிக்கரை நெடுகிலும் நிற்கின்றன. அத்தகைய தாய்க்கு அத்தகைய மகனா என்ற தயக்கம் இந்த வட்டாரத்தில் பிறந்த எவருக்கும் எழும்.

கல்கி இந்த வழக்கை எப்படித் தீர்த்தார் என்பதைக் கதையின் திருப்பமாக மட்டும் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உத்தம சோழரின் மற்றொரு பெயரான மதுராந்தகன் என்று வளர்ந்தவன் ஒருவன், செம்பியன் மாதேவியின் உண்மை மகன் வேறொருவன் என்று ஆளையே இரண்டாகப் பிரித்துவிட்டார். ஆசையும் சூழ்ச்சியும் ஒருவனிடம் போயின. பக்தியும் பணிவும் உடைய சேந்தன் அமுதன் உத்தம சோழனாக முடிசூடினான். எதிரெதிராக நிற்கும் இரண்டு ஆராய்ச்சி முடிவுகளையும் பொய்யாக்காமல், இரண்டுக்கும் கதைக்குள் இடம் தந்த தீர்வு இது. ராஜராஜன் தனக்கு உரியதாய் இருந்த அரசைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்தான் என்ற திருவாலங்காட்டுச் செப்பேட்டின் செய்தியைக் கதையின் சிகரமாக, ஐந்தாம் பாகத்துக்கே ‘தியாக சிகரம்’ என்று பெயரிட்டு வைத்தார். கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் கடைசிவரை அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. தாமே கொன்றதாக ஒருவருக்கு மேற்பட்டோர் சொல்கிறார்கள், வாசகர் இருட்டில் நிற்கிறார். சான்று எதுவரை செல்கிறதோ அதுவரைதான் தீர்ப்பும் செல்ல வேண்டும் என்பது நல்ல விமர்சகரின் ஒழுக்கம். கதை முடிந்தபின் முடிவுரை எழுதி, வாசகர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டு, சரித்திரம் எது, கற்பனை எது என்று விளக்க முற்பட்டதும் அதே ஒழுக்கம்தான்.

அவருடைய விமர்சனங்கள் யாவும் சரியானவை என்று நான் வாதிட வரவில்லை. 1930-களின் நடுவில், பாரதி மகாகவி என்று எழுத்தாளர் வ.ரா. எழுதியபோது, உலக மகாகவிகளின் வரிசையில் பாரதியை வைக்க இயலாது என்ற பக்கத்தில் கல்கி நின்றார். அதற்கு மறுமொழியாகக் கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய ‘கண்ணன் என் கவி’ தமிழ் விமர்சனத்தின் நல்ல நூல்களில் ஒன்று. அந்த வழக்கில் வென்றவர்கள் அவர்கள்தாம். ஆனால் அதே கல்கி பின்னர் தம் இதழின் வழியே வாசகர்களிடம் நிதி திரட்டி, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பினார். 1945-இல் அடிக்கல் நாட்டி, 1947-இல் திறந்தார்கள். ஒரு தீர்ப்பில் தவறியவர் கல்லால் திருத்தி எழுதினார் என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய கதைகளில் தழுவல்கள் உண்டு என்று புதுமைப்பித்தன் முன்வைத்த கடுமையான குற்றச்சாட்டையும், தொடர்கதையின் வேகம் இலக்கியத்தின் ஆழத்தைக் குறைத்துவிட்டது என்று விமர்சகர் க.நா.சு. வழியில் வந்தவர்கள் சொல்லி வந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. அவற்றில் உண்மை இருக்கிறது. பொன்னியின் செல்வனிலேயே கதை நகராமல் சுற்றும் அத்தியாயங்கள் இருக்கின்றன. ஆனால் இவ்விவாதங்கள் அனைத்தும் கல்கியை ஒரு விமர்சகராக மதித்து அவரோடு எதிர்நின்று நடந்தவை. நாம்தான் அவரை வெறும் கதைசொல்லியாகச் சுருக்கிக்கொண்டோம்.

தம்மைப் பற்றியே அவர் தந்த தீர்ப்பையும் இங்கே நினைவூட்ட வேண்டும். தம் நூல்களில் நிலைத்து நிற்கத் தகுதியுடையதாக அவர் கருதியது இவ்விரு பெரும் சரித்திர நாவல்களையும் அன்று. தேச விடுதலையையும் பிரிவினையையும் பின்னணியாகக் கொண்ட ‘அலை ஓசை’யை. அவர் 1954 டிசம்பர் 5-இல் மறைந்தபின், 1956-இல் சாகித்திய அகாதெமி விருது அந்நூலுக்கே கிடைத்தது. வாசகர்களின் தீர்ப்பு வேறாக இருந்தாலும், ஊரே ஒன்றைப் புகழும்போது தன் கருத்தைத் தனியே சொல்லத் துணிகிற அந்தப் பழக்கம், ‘கர்நாடக’மாக இருந்த நாள் முதல் அவரிடம் மாறவில்லை.

இதையெல்லாம் நான் எழுதக் காரணமாக இருந்த பொருள் ஒன்று என் வீட்டு மர அலமாரியில் இருக்கிறது. என் தந்தையார் வாரந்தோறும் ‘கல்கி’ இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்து எடுத்து, பாகம் பாகமாகத் தைத்து, காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் வரைந்த படங்களின் வண்ணம் இன்னும் மங்கவில்லை. அவ்வாறு கத்தரித்த பக்கம் ஒன்றின் பின்புறத்தில், யாரோ ஒரு வித்துவானின் கச்சேரி விமர்சனம் பாதியில் நிற்கிறது. பாடகரின் பெயரும் எழுதியவரின் பெயரும் வெட்டுப்பட்டுப் போயின. ராக ஆலாபனையைப் புகழ்ந்து, சாகித்தியத்தின் சொற்கள் காதில் விழவில்லையே என்று வருந்தும் இரண்டு வாக்கியங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எத்தனை வீடுகளில் இதே போலக் கதை காப்பாற்றப்பட்டு, விமர்சனம் கத்தரிக்கோலுக்கு இரையாகியிருக்கும்! அந்தப் பாதி விமர்சனத்தின் மறுபாதியைத் தேடி நூலகம் ஒன்றுக்குச் சென்றேன். பழைய தொகுதிகளைப் பணியாளர் எடுத்து வைத்தார். திறந்தபோது தாள்கள் அப்பளம் போல் நொறுங்கி என் மடியில் உதிர்ந்தன. மேலும் புரட்ட மனம் வராமல் மூடி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. ஆகவே நாவல்களை எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், அச்சிடவும் செய்கின்றன. பேருந்து நிலையக் கடைகளில்கூட ஐந்து பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் அவருடைய இசை, நாட்டிய, நாடக, திரைப்பட விமர்சனங்கள் அனைத்தையும் காலவரிசைப்படுத்தி, எந்த இதழில் எந்த நாளில் வந்தவை என்ற விவரத்தோடும், அவற்றில் பேசப்படும் கலைஞர்கள், பாடல்கள், அரங்குகள் பற்றிய குறிப்புகளோடும் அமைந்த முழுமையான பதிப்பு ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. ‘சங்கீத யோகம்’ போன்ற தொகுப்புகள் வந்திருப்பது உண்மை. அவை கடலில் ஒரு கையளவே. விமர்சனம் எழுதப்பட்ட நாள் தெரியாவிட்டால் அது எதற்குப் பதில், எந்தக் கச்சேரியைப் பற்றியது, அப்போது எந்த நாவலின் எந்த அத்தியாயத்தை அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பது விளங்காது. நான் மேலே சொன்ன உறவு முழுவதும் அந்த நாளில்தான் அடங்கியிருக்கிறது.

இந்தப் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் இசைத்துறைகளும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டும். கல்கியைப் பற்றி ஆய்வேடு எழுத வரும் மாணவர்களுக்குப் பாத்திரப் படைப்பையும் வருணனையையும் திரும்பத் திரும்பத் தலைப்பாகக் கொடுப்பதற்குப் பதிலாக, ஓராண்டு இதழ்களை ஒரு மாணவர் என்ற கணக்கில் பகிர்ந்து கொடுத்தாலும் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். பழைய இதழ்கள் நூலகங்களில் மட்டுமன்றித் தனியார் வீடுகளிலும் இருக்கின்றன. தங்கள் நாளிதழ் ஒரு வேண்டுகோள் வெளியிட்டால், வைத்திருப்பவர்கள் நிச்சயம் முன்வருவார்கள். என் தந்தையார் பைண்டு செய்த தொகுதிகளை ஒளிநகல் எடுத்துக்கொள்ள எந்த நிறுவனம் கேட்டாலும் தரச் சித்தமாக இருக்கிறேன். அந்தப் பாதி விமர்சனம் உள்ள பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டி வைத்திருக்கிறேன்; அதன் மறுபாதி எவரிடமேனும் இருந்தால், தங்கள் அலுவலகத்தின் வழியாக எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை.